வாசகருக்கு விட்டுவைக்கும் வேலை

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "புளியம்பட்டிக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்ட வயதான அம்மா ஒருவர் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்."

தகவல் என்ற அளவில் இதில் குறை சொல்ல ஏதுமில்லை. யார், எங்கே, ஏன் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் அப்படியே அச்சேற்றலாம். ஆனால் படிப்பவர் அடுத்த வரிக்குப் போனதும் அந்த அம்மாவை மறந்துவிடுவார். மறக்கவிடாமல் செய்ய எழுதுகிறவர் கையில் என்னென்ன இருக்கின்றன, அவற்றில் எதை எடுத்தால் படிப்பவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

பள்ளியில் அணி இலக்கணம் படித்தபோது நம்மிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான். "பயின்று வரும் அணி யாது? விளக்குக." உவமை, உவமேயம், உவம உருபு என்று பிரித்துக் காட்டினால் மதிப்பெண் கிடைத்தது. தண்டியலங்காரம் பொருளணிகளை மட்டுமே 35 என்று எண்ணி வைத்திருக்கிறது. பெயர்களைத் தெரிந்துகொள்வதில் நட்டமில்லை. ஆனால் எழுத உட்காரும்போது அந்தக் கேள்வி உதவாது. 'இந்த உத்தி படிப்பவரிடம் எந்த வேலையை ஒப்படைக்கிறது?' என்றுதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் உத்தியும் வாசகருக்கு ஒரு வேலை வைக்கிறது. உவமை வைப்பது சின்ன வேலை. உருவகம் இன்னும் கொஞ்சம் அதிகம். குறிப்பும் அங்கதமும் கிட்டத்தட்ட முழுப்பொறுப்பையும் அவர் தலையில் கட்டிவிடும். வேலையைச் செய்து முடித்தவர் அந்த வரியைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்கிறார். அப்படி நினைத்ததைத்தான் பத்து வருடம் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறார்.

காரணத்தை முதலில் பிடியுங்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் உவமையைப் பேசுவது உவமவியல். அதற்கு முந்தைய இயல் எது என்று பாருங்கள்: மெய்ப்பாட்டியல். கேட்பவர், காண்பவர் உடம்பில் என்ன தோன்றுகிறது என்ற பேச்சு முதலில். உவமை அதற்கு அடுத்து. இந்த வரிசை தற்செயலோ திட்டமோ, எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல வேலைத்திட்டம் கிடைக்காது.

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் தருகிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது இளிவு. பறிகொடுப்பது இழவு. முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் கண்ணீர், விம்மல், நெஞ்சு வெடித்தல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை விளைவுகள். புதிதாக எழுத வருகிறவர்கள் விளைவைத்தான் முதலில் எழுதுகிறார்கள். பாத்திரம் அழுது தீர்த்துவிட்டால் வாசகருக்கு அழ ஒன்றும் மிஞ்சாது.

அசைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் காந்திபுரத்திலேயே உதாரணம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மத்திய சிறை வளாகம். 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்றும் நினைவுச்சின்னமாகப் போற்றப்படுகிறது. வழக்கின் விவரம், சட்டப்பிரிவு, நீதிபதியின் பெயர் எதுவும் பொதுமக்கள் நினைவில் இல்லை. 'கப்பலோட்டிய தமிழன்', 'செக்கிழுத்த செம்மல்' என்ற இரண்டு பட்டப்பெயர்கள் மட்டும் நிற்கின்றன. இரண்டிலும் ஒரு பொருள்தான் இருக்கிறது: ஒன்றில் கப்பல், மற்றதில் செக்கு. ஒரு வாழ்க்கை முழுவதற்கும் இரண்டு பொருள்கள் பதிலாள் நிற்கின்றன. கடலைத் தாண்டிய மனிதர் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை யாரும் எழுதவில்லை. கேட்பவர்தான் அளந்துகொள்கிறார்; அளக்கும்போது தொண்டை அடைக்கிறது. இதை உரக்கச் சொல்ல 'ஐயோ பாவம்' என்ற சொல் எங்கும் தேவைப்படவில்லை.

இப்போது நம் அம்மாவிடம் வருவோம். அவர் விஷயத்தில் எந்தக் காரணம்? கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாரென்றால் இழவை நோக்கிப் போகிறோம். யாரோ அதட்டி எழுப்பிவிட்டார்களென்றால் இளிவு. ஒரு காலத்தில் சொந்தச் சவாரி வண்டியில் புளியம்பட்டிச் சந்தைக்குப் போனவர் என்றால் அசைவு. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே பத்தியில் கொட்டினால் அது மாலை ஏழரை மணித் தொடராகிவிடும். நான் அசைவை எடுத்துக்கொள்கிறேன்.

உவமை, எப்போது வேண்டும்

"திருவிழாவில் தொலைந்த குழந்தையைப் போல உட்கார்ந்திருந்தார்." இதை எழுத ஒரு நொடி போதும், படிக்க அதுகூட வேண்டாம். இந்தப் படம் வாசகரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் காட்டியதும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

"சந்தை கலைந்த பிறகும் விலைபோகாத ஆட்டைப் போல உட்கார்ந்திருந்தார்." இங்கே ஒரு கணம் நிற்பார். தொல்காப்பியர் உவமைக்குச் சொன்ன அடிப்படைகள் வினை, பயன், மெய், உரு என நான்கு. செயலில் ஒப்புமையா, விளைவிலா, வடிவத்திலா, நிறத்திலா என்று சோதிக்க இது இன்றைக்கும் நல்ல கருவி. ஆட்டுக்கும் அந்த அம்மாவுக்கும் வடிவம் பொருந்தாது, நிறம் பொருந்தாது. யாரும் அழைத்துப்போக வரவில்லை என்பது மட்டுமே பொருந்துகிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலை வாசகருடையது. ஆட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊருக்குப் போக வேண்டியவர் என்பதால் உவமை வெளியிலிருந்து இரவல் வாங்கியதாகவும் தெரியாது.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் உண்டு. உவமை உயர்ந்ததைக் கொண்டு அமைய வேண்டும் என்பது உவமவியலின் கருத்து. அதை மீறி மனுஷியை ஆடாக்கினால் வாசகர் மனத்தில் இரக்கத்தோடு சேர்ந்து ஓர் இளிவரலும் எழும். அதை வேண்டி எழுதுகிறோமா, தவறி எழுதுகிறோமா என்பது தெரிந்திருக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்ட காரணம் அசைவு. இந்த உவமை கதையை இளிவுக்கு இழுத்துப்போகிறது. நன்றாகவே இருந்தாலும் வேண்டாம். நல்ல உவமையைத் தூக்கிப்போடக் கை வராமல் பலர் தங்கள் கதையைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

செத்த உருவகமும் எழுந்துகொள்ளும்

"கடைசி வண்டி போன பிறகு காந்திபுரம் ஒரு காலிக் கட்டுத்தரை." 'போல' இல்லை. வாசகருக்கு வேலை கூடிவிட்டது. பஸ்கள் மாடுகள், பிளாட்பாரங்கள் முளைக்குச்சிகள் என்று மிச்சத்தை அவரே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டுத்தரையைப் பார்த்து வளர்ந்தவருக்குச் சாணி வாடை வரைக்கும் வரும். பார்க்காதவருக்கு வெறும் சொல்லாகத் தங்கிவிடும். உருவகத்தின் பலமும் பலவீனமும் இதுதான். அது வாசகர் கையிலுள்ள சரக்கை வைத்துத்தான் வேலை செய்யும்.

கோவைக்காரர்களுக்குப் பழகிப்போன உருவகம் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் வரிசையாக எழுந்தன. அந்தக் காலத்தில் இந்தப் பெயருக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. கேட்டவர் மனத்தில் புகைபோக்கி எழும்பியது. இன்றைக்கு மேடையில் யாராவது அப்படித் தொடங்கினால் கூட்டம் கைப்பேசியை எடுத்துவிடும். உருவகம் செத்துவிட்டது.

எழுப்பவும் முடியும். இங்கிலாந்தின் அந்த மான்செஸ்டரில் பஞ்சாலைகள் இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கோவையின் பழைய மில்களிலும் பல பூட்டிக் கிடக்கின்றன. சில இடங்களில் சுவர் மட்டும் நிற்கிறது. பூட்டிய மில் கேட்டை வர்ணித்து முடித்து, அதன்பின் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று ஒரு வரி எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம். தேய்ந்துபோன அதே தொடர் இப்போது குத்தும். தேய்ந்த சொல்லை ஒதுக்கச் சொல்லித் தருகிற நூல்கள் நிறைய. அதைச் சரியான இடத்தில் போட்டால் புதுச்சொல்லைவிட அதிகம் வலிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மடியில் என்ன இருக்கிறது

உவமையும் உருவகமும் வேண்டாமென்று வைத்துவிட்டு, அந்த அம்மா மடியில் ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம். மஞ்சப்பை.

ஒரு முப்பது வருடத்துக்கு முந்தைய சினிமாவிலும் கதையிலும் மஞ்சப்பை வந்தால் பட்டிக்காட்டு ஆள் என்று பொருள். பஸ் ஸ்டாண்டில் மஞ்சப்பையோடு ஒருவர் இறங்கினால் தியேட்டரில் சிரிப்பு கிளம்பும். 2021 டிசம்பரில் தமிழக அரசு பிளாஸ்டிக்குக்கு எதிராக 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அதே பையை நகரத்துக்காரர்களும் பெருமையாகத் தோளில் மாட்டினார்கள். பை மாறவில்லை, பார்ப்பவர் மாறிவிட்டார். குறியீடு என்பது எழுதுகிறவர் பூட்டி வைக்கிற பெட்டியல்ல. காலமும் வாசகரும் அதற்குள் எதை வேண்டுமானாலும் போடுவார்கள். அதனால் குறியீட்டை மட்டும் நம்பி ஒரு பத்தியை நிறுத்தக்கூடாது.

அந்தப் பையில் இன்னொரு பொருளைச் சேருங்கள்: எக்ஸ்ரே கவர். எக்ஸ்ரே கவர் மஞ்சப்பையைவிடப் பெரிது. உள்ளே போகாது, மடக்கவும் கூடாது. பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 'ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறார், கூட யாருமில்லை, காசும் அதிகமில்லை' என்ற மூன்றையும் நான் எழுதவில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். இதைப் படிமம் என்பார்கள். வாசகர் கண்ணுக்கு ஒரு காட்சியைக் கொடுத்து, முடிவை அவரிடம் விட்டுவிடுவது. என் அனுபவத்தில் உரைநடை எழுதுகிறவருக்கு எல்லா உத்தியிலும் அதிகம் கைகொடுப்பது இதுதான். பார்த்தது சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பார்க்காமல் எழுதினால் எக்ஸ்ரே கவரைப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். ஒரு தடவையாவது அதைத் தூக்கி அலைந்த வாசகர் அங்கேயே உங்களை விட்டு இறங்கிவிடுவார்.

சங்கக் கவிதையின் உள்ளுறையும் இதற்குப் பக்கத்து வீடு. தெய்வம் நீங்கலாக மற்றக் கருப்பொருள்களை, அதாவது விலங்கு, பறவை, மரம் முதலானவற்றை வைத்து மனிதர் கதையை மறைத்துச் சொல்வது. கொங்கில் இதற்குச் சரக்கு ஏராளம். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். பங்காளிச் சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், ஒரே கொறங்காட்டின் நடுவில் புதிதாக நட்ட கிளுவைப் போத்து வேர்பிடிப்பதை மட்டும் எழுதினால் போதும். ஊர்க்காரர் படித்ததும் யார் வீட்டுக் கதை என்று கேட்பார்.

மறைத்துச் சொல்வது சில வேளை அழகுக்காக அல்ல, வேறு வழியில்லாமல். மாதொருபாகன் (2010) நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் பெருமாள்முருகன் 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்கு ஆதரவாக வந்தது. அதன் பின் வந்த நாவல் பூனாச்சி. ஒரு வெள்ளாட்டின் கதை. அந்தப் பின்னணி தெரிந்தவர் ஆட்டுக்குக் காது குத்தும் பக்கத்தில் வெறும் ஆட்டைப் பார்க்க மாட்டார். தெரியாதவருக்கு அது ஓர் ஆட்டின் வாழ்க்கையாகவே முழுமையாக நிற்கும். உருவகக்கதைக்கு இரண்டாவது வகை வாசகர்தான் பரீட்சை. மேல்தளத்துக் கதை தன் காலில் நிற்கவில்லையென்றால் அடித்தளத்தை யாரும் தேடிப்போக மாட்டார்கள்.

பேச விடுங்கள்

இதுவரை அந்த அம்மா வாய் திறக்கவில்லை. திறந்தால் கொங்குத் தமிழ் வரும். வட்டாரப் பேச்சும் ஓர் உத்திதான். தமிழ் நாவலில் அதைத் துணிந்து பயன்படுத்திக் காட்டியது இந்த மண். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942-இல் வெளிவந்தது. தமிழின் முதல் வட்டார நாவல் என்று விமர்சகர்கள் பலர் குறிப்பிடுவது அதைத்தான். கைம்பெண்ணான நாகம்மாள் சொத்தில் பங்கு கேட்கிறாள். அது கொலையில் போய் முடிகிறது. கதைசொல்லும் பகுதி பொதுத்தமிழில் நடக்க, பாத்திரங்கள் கொங்கு மொழியில் பேசுகிறார்கள். இந்தப் பிரிவினை இன்றைக்கும் நல்ல தொடக்கம்.

ஒரே உரையாடல் இரண்டு வாசகரிடம் இரண்டு வேலை செய்யும். ஈரோட்டுக்காரர் 'வெசனம்', 'நோம்பி', 'ஒறம்பரை' என்ற சொற்களைப் பார்த்ததும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். திருநெல்வேலிக்காரருக்கு வேகம் குறையும். சொல்லை வாய்விட்டு ஒருமுறை உச்சரித்துப் பார்ப்பார். வேகம் குறைவதும் ஒரு பயன்தான். அவர் அந்த ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார் என்பதை அது அவருக்கு உணர்த்துகிறது. ஆனால் ஒரு வரியில் மூன்று சொல் புரியாமல் போனால் விருந்தாளி திரும்பிப் போய்விடுவார். சூழலே பொருளைச் சொல்லும்படி சொல்லை வையுங்கள். அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேண்டாம். ஐயம் வந்தால் பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' (2000) இருக்கிறது; ஆனால் அகராதியிலிருந்து பொறுக்கிய சொல்லைப் பாத்திரத்தின் வாயில் திணித்தால் உள்ளூர் வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

குசும்பு

நகைக்குத் தொல்காப்பியர் சொன்ன நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல். கோவையில் அதற்குத் தனி வண்டி ஓடுகிறது. கிராஸ்கட் ரோட்டு ஜவுளிக்கடையில் சேலை விலையைக் கேட்டுவிட்டு ஒருவர் சொல்கிறார்: "ஏனுங், நாஞ் சீலைக்குத்தானுங்க வெலை கேட்டேன். கடைக்கு இல்லீங்." இந்த வரியில் மரியாதை விகுதி மூன்று முறை வருகிறது. சொல் குனிகிறது, பொருள் நிமிர்ந்து நின்று கேலி செய்கிறது. கேட்பவர் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்தால்தான் சிரிப்பு வரும். 'ங்க'வை எடுத்துவிட்டு எழுதிப் பாருங்கள், வெறும் சண்டை.

அங்கதமும் நகைமுரணும் வாசகரை எழுத்தாளருக்குக் கூட்டாளியாக்குகின்றன. 'உனக்கும் எனக்கும் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை' என்ற கூட்டு. அதைக் கெடுக்கும் வழி ஒன்றுதான்: விளக்கிச் சொல்வது. 1921-இல் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையில் பாரதியார் பேசினார். தலைப்பு 'மனிதனுக்கு மரணமில்லை'. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். இரண்டு தகவலையும் அருகருகே வைத்தால் வேலை முடிந்தது. நடுவில் 'விதியின் விளையாட்டுதான் என்னே!' என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். வாசகர் செய்ய வேண்டியதை நீங்கள் செய்துவிட்டீர்கள்; அவருக்கு அங்கே இருக்க வேலையில்லை.

சில நகைமுரண்களை எழுதுகிறவர் திட்டமிடுவதேயில்லை. அரசு பஸ்களில் திருக்குறள் எழுதி வைப்பது நம் வழக்கம். மெல்லிய மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறள் உண்டு. வலியறிதல் அதிகாரம், சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்லிப் புரியவைக்கும் பிறிதுமொழிதல் அணிக்குப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டு. காலை ஒன்பது மணிக்குக் காந்திபுரத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு இதைப் படிக்க நேர்ந்தால் அங்கே பிறிதுமொழிதல் எதுவுமில்லை, நேரடி எச்சரிக்கைதான்.

திரும்பச் சொல்வது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொங்கில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவார்கள். பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் 1960-களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அப்படிப்பட்ட பாட்டில் ஒரே அடைமொழியும் ஒரே வருணனையும் திரும்பத் திரும்ப வரும். நடுச்சாமத்தில் கண்ணயர்ந்து விழிக்கிறவர் கதைக்குள் மறுபடி ஏறிக்கொள்ள அதுதான் படிக்கட்டு. 1971-இல் கோவையில் தொடங்கிய வானம்பாடி இதழின் கவிஞர்கள் பலர் மேடைக்கும் சேர்த்தே எழுதினார்கள். புவியரசு, சிற்பி, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன் என்று பெரிய அணி அது. விளித்தல், அடுக்கிச் சொல்லல், உயர்வு நவிற்சி ஆகிய மூன்றும் காதுக்கான உத்திகள். கைதட்டலுக்கு இடம் விட்டு நிற்கும். அவற்றில் சிலவற்றை இன்று தனியறையில் கண்ணால் படிக்கும்போது சத்தம் கூடிவிட்டதாகத் தோன்றுவது கவிஞர்களின் குறையாக எனக்குப் படவில்லை. காதுக்கு எழுதியதைக் கண் படிக்கிறது. நீங்கள் எதற்காக எழுதுகிறீர்கள் என்று தீர்மானித்துவிட்டு அடுக்குங்கள். உரைநடையில் ஒரு சொல்லை மூன்றாம் முறை எழுதும்போது அதன் பொருள் கொஞ்சமாவது மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிழைதிருத்துபவர் அடித்துவிடுவார், அடிப்பதும் சரிதான்.

கோர்த்துப் பார்த்தால்

எடுத்ததையும் விட்டதையும் வைத்து அந்த வாக்கியத்தைத் திரும்ப எழுதினேன்:

"கண்டக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அந்த அம்மாவைக் கவனித்தார். மடியில் மஞ்சப்பை. அதற்குள் அடங்காத எக்ஸ்ரே கவர் பாதிக்கு மேல் வெளியே நின்றது.

'ஆத்தா, புளியம்பட்டி வண்டி போயிருச்சுங்க. இனிக் காத்தாலதானுங்.'

'அதுக்கென்ன கண்ணு. முந்தியெல்லாம் நாம ஏறுனாத்தான் வண்டி பொறப்படும். இப்ப அது பொறப்பட்டதுக்கப்புறம் நாம வர்றோம்.'

கவரை உள்ளே தள்ளிப் பார்த்தார். அது போகவில்லை."

உவமை இல்லை, உருவகம் இல்லை. ஆட்டையும் கட்டுத்தரையையும் விட்டுவிட்டேன். முந்தி ஓடியது சொந்த வண்டி என்பதும், எக்ஸ்ரே யாருடையது என்பதும் வாசகர் கணக்கு. அந்த அம்மாவின் பதிலில் குசும்பு இருக்கிறது. தன்னையே கேலி செய்துகொள்கிறவரைப் பார்த்து யாரும் எளிதில் பரிதாபப்பட முடியாது, அவருக்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். கண்டக்டரின் 'ங்க' அந்த மரியாதையை முன்கூட்டியே தொடங்கி வைக்கிறது. கடைசி இரண்டு வரியை வெட்டலாமா என்று யோசித்தேன். அந்தக் கேலிக்குப் பிறகு அவர் கைகள் என்ன செய்கின்றன என்பது தெரியாவிட்டால், அவர் நிஜமாகவே கவலையில்லாதவர் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். அதனால் விட்டுவைத்தேன். உங்களுக்கு வேண்டாமென்று தோன்றினால் வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள். வேறொரு அம்மா கிடைப்பார்.

சோதிக்கும் முறை

எழுதியதை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் கொங்குக்காரராகவும் மற்றவர் வெளியூர்க்காரராகவும் இருந்தால் நல்லது. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு 'நல்லாருக்குங்க' என்பதைத் தவிர வேறு பதில் வராது. கதையில் எழுதாத ஒன்றைக் கேளுங்கள்: 'அந்த அம்மாவுக்கு முன்னால் என்ன வசதி இருந்தது?' 'எக்ஸ்ரே யாருக்கு?' இருவரும் ஏதாவது ஒரு பதிலைத் தயக்கமில்லாமல் சொன்னால் உத்தி வேலை செய்திருக்கிறது. இருவர் பதிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஒருவர் மட்டும் விழித்தால் வட்டாரச் சொல்லோ பொருளோ அவருக்கு எட்டவில்லை; அந்த இடத்தை மட்டும் திருத்துங்கள். இருவருமே விழித்தால் மறைத்தது அதிகம். கேட்பதற்கு முன்பே இருவரும் கதையை உங்களுக்கு விளக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் சொன்னது அதிகம். கடைசியிலிருந்து தொடங்கி, பெயரடைகளை முதலில் வெட்டுங்கள்.